அயோடினை இரட்டிப்பாக்கியும் வேகம் கூடவில்லை: வினைவகையைக் கண்டறிவது எப்படி?

பிளஸ் டூவில் வேதியியல் படித்தவர்களுக்கு ஒரு வரி கட்டாயம் ஞாபகம் இருக்கும். "வினைவகையைச் சோதனை மூலமாக மட்டுமே கண்டறிய முடியும்." வினைவகைக்கும் மூலக்கூறு எண்ணுக்கும் உள்ள வேறுபாடுகளில் முதல் வேறுபாடாக எழுதினால் ஒரு மார்க் நிச்சயம். ஆனால் ஏன் சோதனை மூலமாக மட்டும்? சமன்பாடுதான் கையில் இருக்கிறதே, அதைப் பார்த்தே சொல்லிவிட்டால் என்ன? இந்தக் கேள்வியை வகுப்பில் யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் பெரும்பாலும் "அது அப்படித்தான்" என்பதுதான் பதில். இந்தப் பதிவில் அந்த "அப்படித்தான்" என்பதைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம்னு நினைக்கிறேன்.

முதலில் இரண்டு வினைகள். இரண்டுமே நைட்ரஜனின் ஆக்சைடு சிதைவது. ஒன்றில், இரண்டு மூலக்கூறு டைநைட்ரஜன் பென்டாக்சைடு சிதைந்து நான்கு நைட்ரஜன் டைஆக்சைடும் ஒரு ஆக்சிஜனும் வருகின்றன. இன்னொன்றில், இரண்டு மூலக்கூறு நைட்ரஜன் டைஆக்சைடு சிதைந்து இரண்டு நைட்ரிக் ஆக்சைடும் ஒரு ஆக்சிஜனும் வருகின்றன. சமன்பாட்டின் இடப்பக்கத்தைப் பார்த்தால் ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி: ஒரே ஒரு பொருள், அதன் முன்னால் 2.

முதல் வினையில் செறிவை இரட்டிப்பாக்கினால் வேகம் இரண்டு மடங்காகிறது. இரண்டாவதில் செறிவை இரட்டிப்பாக்கினால் வேகம் நான்கு மடங்காகிறது. அதாவது முதலாவது முதல் வகை, இரண்டாவது இரண்டாம் வகை. அந்த 2 என்ற எண்ணுக்கு இரண்டாவது வினையில் பொருந்தியது தற்செயல்தான். முதலாவதில் அதற்கு எந்த வேலையும் இல்லை.

வினைவகை என்பது இவ்வளவுதான். வேகம், செறிவின் எந்த அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கிறதோ அந்த அடுக்கு எண். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை 'வினைவகை' என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் 'தாக்க வரிசை' என்கின்றன. எனக்கு ரெண்டுமே முழுத் திருப்தி இல்லை. 'வகை' என்றால் ஏதோ இனம் பிரிப்பது போலவும், 'வரிசை' என்றால் கியூவில் நிற்பது போலவும் ஒலிக்கிறது. உண்மையில் அது ஒரு அடுக்கு. ஆனாலும் படித்துப் பழகிய சொல் என்பதால் இங்கே வினைவகை என்றே எழுதுகிறேன்.

சமன்பாடு ஏன் இதைச் சொல்வதில்லை? சமன்பாடு ஒரு வரவு செலவுக் கணக்கு. ஆரம்பத்தில் என்ன இருந்தது, கடைசியில் என்ன கிடைத்தது என்று மட்டும் அதில் இருக்கும். நடுவில் யார் யாரோடு மோதினார்கள், எந்தப் படி மெதுவாக நடந்தது என்பதெல்லாம் அதில் கிடையாது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஒருவர் 8 மணி நேரத்தில் வந்தார் என்ற தகவலை வைத்துக்கொண்டு, அவர் எந்த ஊரில் எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்ல முடியுமா? வேகத்தைத் தீர்மானிப்பது அந்த நடுவழிச் சங்கதிதான். அதனால் நேரடியாக அளந்துதான் ஆகவேண்டும்.

சரி, எதை அளப்பது? தலைவலியே இங்கேதான் ஆரம்பம். வினை நடந்துகொண்டே இருக்கிறது. கொஞ்சம் கரைசலை எடுத்து, பியூரெட்டில் ஊற்றி, தரம் பார்த்து முடிப்பதற்குள் அந்தக் கொஞ்சத்திலும் வினை நடந்திருக்கும். அதனால் எடுத்த உடனே வினையை நிறுத்தியாக வேண்டும்: ஐஸில் வைத்தோ, அமிலத்தால் ஓடுகிற வினை என்றால் காரத்தைக் கொட்டியோ. இல்லாவிட்டால் கரைசலைத் தொடாமலே வெளியிலிருந்து பார்க்கக்கூடிய ஏதாவது ஒரு பண்பு வேண்டும்: நிறம், வாயுவின் அழுத்தம், மின்கடத்துத்திறன் இப்படி.

தொடாமல் பார்ப்பதை மிக அழகாகச் செய்தவர் ஜெர்மானியரான லுட்விக் வில்ஹெல்மி. 1850இல் அவர் எடுத்துக்கொண்ட பொருள் சாதாரணச் சர்க்கரை. அமிலம் கலந்த நீரில் சர்க்கரை மெதுவாக உடைந்து குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் ஆகும். சர்க்கரைக் கரைசல் தன் வழியே போகிற தளமுனைவுற்ற ஒளியை வலப்பக்கம் திருப்பும். உடைந்த கலவையோ இடப்பக்கம் திருப்பும். ஆக, ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று போலாரிமீட்டரில் பார்த்துக்கொண்டே இருந்தால், எவ்வளவு சர்க்கரை மீதி இருக்கிறது என்று ஒரு சொட்டுக்கூட வெளியே எடுக்காமல் தெரிந்துவிடும். சர்க்கரை குறையும் வேகம் அந்தக் கணத்தில் மீதியிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதம் என்று அவர் கண்டார், அதை வகைக்கெழுச் சமன்பாடாகவே எழுதினார். வேதிவினை ஒன்றின் வேகத்தைக் கணிதமாக எழுதிய முதல் ஆள் என்று அவரைத்தான் சொல்வார்கள். பல வருடங்கள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு கதை.

கவனித்தீர்களா? இந்த வினையில் தண்ணீரும் பங்கெடுக்கிறது. ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூறும் உடைய ஒரு தண்ணீர் மூலக்கூறு செலவாகிறது. ஆனால் வில்ஹெல்மியின் விதியில் தண்ணீரே இல்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது கையில் அளவுகள் இருக்கின்றன, அவற்றிலிருந்து வகையை எப்படிப் பிரித்தெடுப்பது? மேலே சொன்ன நைட்ரஜன் டைஆக்சைடு சிதைவுக்கு, 300 டிகிரி செல்சியஸில், பாடப்புத்தகங்களில் அடிக்கடி வரும் ஒரு தொகுப்பு இருக்கிறது. தொடக்கத்தில் லிட்டருக்கு 0.0100 மோல். 50 வினாடியில் 0.00787. 100 வினாடியில் 0.00649. 200இல் 0.00481. 300இல் 0.00380.

முதல் வகை என்றால் செறிவின் இயல்மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரவேண்டும். இரண்டாம் வகை என்றால் செறிவின் தலைகீழியை வரைந்தால் நேர்கோடு. போட்டுப் பார்ப்போம். மடக்கை முதல் 50 வினாடியில், வினாடிக்கு 0.0048 வீதம் இறங்குகிறது. அடுத்த 50இல் 0.0039 வீதம். கடைசி 100 வினாடியில் 0.0024 வீதம்தான். சரிவு பாதியாகிவிட்டது, இது கோடே இல்லை. தலைகீழி? 100, 127, 154, 208, 263. வினாடிக்கு 0.54 வீதம் ஏறுகிறது, கடைசிவரை கிட்டத்தட்ட அதே 0.54. சந்தேகமே இல்லாமல் இரண்டாம் வகை. அந்த 0.54தான் வேக மாறிலி.

அரைவாழ்காலத்தை வைத்தும் இதையே பார்க்கலாம். இந்த வினையில் செறிவு பாதியாக முதலில் சுமார் 185 வினாடி பிடிக்கிறது. அந்தப் பாதி மறுபடி பாதியாக 370 வினாடி. ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். முதல் வகை வினையிலோ அரைவாழ்காலம் மாறவே மாறாது. டைநைட்ரஜன் பென்டாக்சைடுக்கு 25 டிகிரியில் அது ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல், எவ்வளவில் ஆரம்பித்தாலும் அதேதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் விழுகிற பொறி. வினை 10 சதவீதம் மட்டும் நடந்ததும் "போதும்" என்று நிறுத்திவிட்டீர்கள் என்று வையுங்கள். செறிவு 1இலிருந்து 0.9க்கு வந்திருக்கிறது. அந்த நேரத்தின் சரிபாதியில் செறிவு என்ன இருக்க வேண்டும்? பூஜ்ய வகை என்றால் 0.950. முதல் வகை என்றால் 0.949. இரண்டாம் வகை என்றால் 0.947. உங்கள் பிப்பெட்டின் பிழையே இதைவிட அதிகம்! எந்த வரைபடம் போட்டாலும் நேர்கோடாகத்தான் தெரியும், எந்த வகையை விரும்புகிறீர்களோ அந்த வகையே "நிரூபணம்" ஆகும். பாதி தூரம் போனாலும் வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. மூன்று அரைவாழ்காலம் பொறுத்திருந்தால்தான் கதை மாறும். அப்போது முதல் வகையில் எட்டில் ஒரு பங்குதான் மீதி இருக்கும். அதே வேகத்தில் ஆரம்பப் பாதியைக் கடந்த இரண்டாம் வகையில் நான்கில் ஒரு பங்கு இருக்கும். 0.125க்கும் 0.25க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் பார்க்கலாம். அதனால் யாராவது ஒரு நேர்கோட்டைக் காட்டி "முதல் வகை" என்று சொன்னால், நான் முதலில் கேட்பது கோட்டின் அழகைப் பற்றி அல்ல, வினை எத்தனை சதவீதம் வரை போனது என்றுதான்.

அதே 10 சதவீத விஷயத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்துவதுதான் தொடக்கவேக முறை. ஆரம்பத்தில் எல்லா வளைவும் நேர்கோடு போலத்தான் இருக்கும் என்றால், அந்தக் கோட்டின் சரிவை மட்டும் அளப்போம், வளைவைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு தடவை ஒரு செறிவில், இன்னொரு தடவை இரண்டு மடங்கு செறிவில். வேகம் மாறவில்லை என்றால் பூஜ்ய வகை, இரண்டு மடங்கு என்றால் முதல் வகை, நான்கு மடங்கு என்றால் இரண்டாம் வகை. வினைவிளைபொருள் சேர்ந்து குட்டையைக் குழப்புவதற்கு முன்பே அளந்துவிடுவதால் இந்த முறைக்கு மவுசு அதிகம்.

ஆனால் இரட்டிப்பு என்பது உண்மையில் ரொம்பச் சின்ன மாற்றம். வேகத்தை அளப்பதில் 10 சதவீதம் பிழை இருந்து, 2 மடங்குக்குப் பதில் 2.2 மடங்கு வந்தால் வகை 1.14 என்று கிடைக்கும். அதே பிழையோடு செறிவைப் பத்து மடங்கு மாற்றியிருந்தால் 1.04. முடிந்தவரை அகலமாக மாற்றுங்கள் என்று செய்முறைப் புத்தகங்கள் ஏன் சொல்வதில்லையோ தெரியவில்லை.

இன்னொன்று, நம் ஊருக்கு ரொம்பப் பொருந்துவது. பல வினைகளின் வேகம் ஒரு டிகிரி வெப்பநிலைக்கு 10 சதவீதத்துக்கும் மேல் மாறும். காலையில் ஜன்னலோரம் 29 டிகிரியில் முதல் அளவு, சாப்பிட்டுவிட்டு வந்து 32 டிகிரியில் இரட்டிப்புச் செறிவில் இரண்டாவது அளவு என்று வைத்துக்கொள்வோம். மூன்று டிகிரியே வேகத்தை 1.4 மடங்கு ஆக்கிவிடும். கணக்குப் போட்டால் வகையில் கூடுதலாக அரை சேர்ந்துவிடும்! பூஜ்ய வகை வினை அரை வகையாகத் தெரியும், முதல் வகை ஒன்றரையாகத் தெரியும். பின்ன வகை வினைகள் உண்மையிலேயே இருப்பதால், இதைப் பார்த்தவர் ஏதோ அபூர்வமான சங்கிலி வினை என்று சந்தோஷப்படவும் வாய்ப்பு உண்டு. ஒரு வாளித் தண்ணீரில் எல்லாக் குடுவைகளையும் நிறுத்தி வைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பொருள்கள் வினைபுரியும்போது இரண்டும் சேர்ந்து குறையும், அப்போது யாரால் வேகம் குறைந்தது என்று பிரிக்க முடியாது. அதற்கு வழி, ஒன்றை அளவுக்கு மீறிப் போட்டுவிடுவது. அது செலவாவது தெரியவே தெரியாது, அதனால் அதன் செறிவு மாறிலி மாதிரி நிற்கும். ஆஸ்வால்டின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தனிமைப்படுத்தும் முறை இதுதான். சர்க்கரைக் கரைசலில் தண்ணீர் கடல் மாதிரி இருப்பதால் அது தானாகவே இப்படி ஆகிவிட்டது. இதைத்தான் போலி முதல் வகை என்கிறோம்.

சின்ன வயதில் வாய்ப்புண்ணுக்குத் தடவிவிட்ட ஊதா மருந்து ஞாபகம் இருக்கிறதா, ஜென்ஷன் வயலட்? அதிலுள்ள கிரிஸ்டல் வயலட் சாயத்தோடு சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் ஊதா நிறம் மெல்ல மெல்ல வெளுத்துப்போகும். சாயம் லிட்டருக்கு ஒரு லட்சத்தில் ஒரு பங்கு மோல், காரம் பத்தில் ஒரு பங்கு மோல் என்று எடுத்தால் காரம் பத்தாயிரம் மடங்கு அதிகம். நிறமானியில் பார்த்தால் நிறம் சுத்தமான முதல் வகையில் மங்கும். பிறகு காரத்தைப் பாதியாக்கி மறுபடி செய்தால், மங்கும் மாறிலியும் பாதியாகும். ஆகவே காரத்துக்கும் வகை 1, மொத்தம் 2. ஒரே வரைபடத்தைப் பார்த்து "முதல் வகை" என்று நிறுத்தியிருந்தால் பாதி உண்மைதான் கிடைத்திருக்கும்.

இதுவரை பார்த்தது எல்லாம் முறை. இனி எனக்கு ரொம்பப் பிடித்த வினைக்கு வருகிறேன். அசிட்டோனும் அயோடினும், அமிலத்தின் முன்னிலையில். அசிட்டோன் ஒன்று, அயோடின் ஒன்று சேர்ந்து, அயோடோ அசிட்டோன் ஒன்றும் ஹைட்ரஜன் அயோடைடு ஒன்றும் தருகின்றன. அயோடினின் மஞ்சள் பழுப்பு நிறம் மறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஒரு ஸ்டாப் வாட்ச் போதும். உலகம் முழுக்கக் கல்லூரிகளில் செய்கிற சோதனை இது.

லிட்டருக்கு 4 மோல் அசிட்டோன் 10 மில்லி, 1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லி, தண்ணீர் 20 மில்லி. கடைசியாக, பொட்டாசியம் அயோடைடின் உதவியால் கரைத்த 0.005 மோல் அயோடின் கரைசல் 10 மில்லி. மொத்தம் 50 மில்லி. கலந்த பிறகு அசிட்டோன் 0.8, அமிலம் 0.2, அயோடின் 0.001. அயோடினைவிட அசிட்டோன் 800 மடங்கு. நிறம் முழுக்கப் போகும்போது அசிட்டோனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் செலவாகியிருக்கும். வினையில் புதிதாக உண்டாகும் அமிலமும் இருக்கிற அமிலத்தில் அரை சதவீதம்தான். இரண்டுமே அசையாமல் நிற்கின்றன என்றே எடுத்துக்கொள்ளலாம். 25 டிகிரியில் நிறம் மறைய ஏறக்குறைய 220 வினாடி, நாலு நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு.

ஒரு எச்சரிக்கை. அயோடோ அசிட்டோன் கண்ணைக் கலங்கவைக்கும் பொருள், வெங்காயம் மாதிரி இல்லை, அதைவிடப் பலமடங்கு மோசம். ஆகவே இதைச் சமையலறையில் செய்து பார்க்க வேண்டாம். காற்றோட்டமான ஆய்வகத்தில், முடிந்ததும் தயோசல்பேட் ஊற்றி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இப்போது அசிட்டோனை 20 மில்லி ஆக்கி, தண்ணீரை 10 ஆகக் குறையுங்கள். மொத்தம் 50 மில்லி மாறக்கூடாது, அதற்காகத்தான் அந்தத் தண்ணீர். நேரம் பாதியாகிறது. அசிட்டோனுக்கு வகை 1. பழைய அளவுக்குத் திரும்பி அமிலத்தை இரட்டிப்பாக்குங்கள். மறுபடியும் நேரம் பாதி. ஹைட்ரஜன் அயனிக்கும் வகை 1. அடுத்து அயோடின், 10க்குப் பதில் 20 மில்லி. நேரம் எவ்வளவு ஆகும் என்று நினைக்கிறீர்கள்?

இரண்டு மடங்கு ஆகிறது, 450 வினாடிக்குப் பக்கத்தில். இரட்டிப்பு அயோடின், இரட்டிப்பு நேரம். அப்படின்னா ஒரு வினாடிக்குக் காணாமல் போகும் அயோடினின் அளவு மாறவே இல்லை. அயோடினுக்கு வகை பூஜ்யம்.

நிறமானியில் போட்டுப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். மற்ற வினைகளில் நிறம் வளைந்து வளைந்து, முடியவா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே போகும். இங்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இறங்கும், பூஜ்யத்தைத் தொட்டதும் சட்டென்று நிற்கும். கடைசித் துளி அயோடினும் முதல் துளி அயோடின் மறைந்த அதே வேகத்தில் மறைகிறது.

இந்த முடிவைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். சமன்பாட்டில் இடப்பக்கம் இருக்கிற அயோடின், வேக விதியில் இல்லை. சமன்பாட்டில் செலவாகாத ஹைட்ரஜன் அயனி, வேக விதியில் இருக்கிறது. இதைச் சமன்பாட்டிலிருந்து எந்தக் கெட்டிக்காரனாலும் ஊகித்திருக்க முடியாது.

நம் ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கைரேகை மெஷின் ஒன்று, அது ஒவ்வொரு ஆளுக்கும் இழுத்தடிக்கிறது. உள்ளே அரிசி அளந்து போட ஒரு ஆள் இருந்தாலும் ஐந்து ஆள் இருந்தாலும் கியூ நகரும் வேகம் ஒன்றுதான். அளப்பவர்களை இரட்டிப்பாக்கி வேகம் கூடவில்லை என்றால், அளக்கிற இடத்தில் தாமதம் இல்லை, தாமதம் அதற்கு முன்னாலேயே எங்கேயோ இருக்கிறது என்று கடைக்குள் போகாமலே சொல்லிவிடலாம்.

1904இல் ஆர்தர் லாப்வொர்த் என்ற வேதியியலாளர் இதைத்தான் சொன்னார். அவர் பயன்படுத்தியது அயோடின் அல்ல, புரோமின். வேகம் புரோமினின் செறிவைச் சார்ந்திருக்கவில்லை. அப்படியானால் புரோமின் வந்து சேர்வதற்கு முன்பே அசிட்டோனுக்கு ஏதோ ஒரு மெதுவான மாற்றம் நடக்க வேண்டும், அந்த மாற்றத்தில் அமிலத்துக்குப் பங்கு இருக்க வேண்டும். அசிட்டோனின் ஆக்சிஜனில் ஒரு ஹைட்ரஜன் அயனி ஒட்டுகிறது, பிறகு பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் கழன்று, ஈனால் என்ற வேறு வடிவம் உண்டாகிறது. கழலுகிற அந்தப் படிதான் மெதுவானது. ஈனால் உருவான மறுகணமே பக்கத்தில் இருக்கும் ஹாலஜன் அதைப் பிடித்துக்கொள்கிறது.

அந்த ஈனாலை அவர் கண்ணால் பார்க்கவில்லை. கரைசலில் அது இருக்கும் அளவு அத்தனை சொற்பம். ஒரு பூஜ்யத்தை வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத ஒரு மூலக்கூறு அங்கே வந்துபோகிறது என்று சொல்லிவிட்டார். ஊகம் சரியா என்று சோதிக்கவும் வழி இருந்தது. மெதுவான படி ஹாலஜனுக்கு முந்தியது என்றால், புரோமினுக்குப் பதில் அயோடினைப் போட்டாலும் அதே வேகம் வரவேண்டும். வருகிறது. ஒளியைத் திருப்பும் தன்மையுள்ள ஒரு கீட்டோனை எடுத்தால், ஈனாலாக மாறும்போது அந்தத் தன்மை போய்விட வேண்டும். ஆகவே ஹாலஜனே இல்லாமல் திருப்பம் மறையும் வேகமும், அயோடின் ஏறும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். 1930களில் அளந்து பார்த்தார்கள், ஒன்றாகவே இருந்தது.

பூஜ்ய வகை என்றதும் எல்லாம் இதே காரணம்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குடித்த சாராயம் ரத்தத்திலிருந்து போவதும் கிட்டத்தட்ட பூஜ்ய வகைதான், ஆனால் காரணம் வேறு. கல்லீரலில் ஆல்கஹாலை மாற்றும் நொதி கொஞ்சம் குடித்ததுமே முழுக்க நிரம்பிவிடுகிறது. கவுண்டர்கள் எல்லாம் பிஸி, வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் ஒரு மணி நேரத்தில் அனுப்புவது அதே எண்ணிக்கைதான். சராசரியாக 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்கு 15 மில்லிகிராம் குறையும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும்.

பெரும்பாலான மருந்துகள் முதல் வகையில் போகின்றன, அரைவாழ்காலம் என்று ஒன்றைச் சொல்லலாம். அந்தப் பழக்கத்தில் ஆல்கஹாலையும் "ராத்திரி தூங்கி எழுந்தா பாதிக்குப் பாதி குறைஞ்சு சரியாகிடும்" என்று நினைப்பவர்கள் உண்டு. இரவு 11 மணிக்கு ஒருவருக்கு 100 மில்லிக்கு 180 மில்லிகிராம் இருக்கிறது என்று வையுங்கள். காலை 7 மணிக்கு, எட்டு மணி நேரத்தில், 120 போயிருக்கும். மீதி 60. இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டப்படி வரம்பு 30. நன்றாகத் தூங்கி, குளித்து, காபி குடித்துவிட்டு வண்டியை எடுக்கிறவர் வரம்பைப்போல இரண்டு மடங்கோடு ரோட்டில் இருக்கிறார். அடுக்கு எண் 1 என்று நினைத்ததற்கும் 0 என்று இருப்பதற்கும் இடையில் ஒரு விபத்தே நடக்கலாம்.

எல்லா வினைக்கும் ஒரு முழு எண் கிடைத்துவிடும் என்றும் இல்லை. ஹைட்ரஜனும் புரோமினும் சேர்ந்து ஹைட்ரஜன் புரோமைடு ஆவதை மாக்ஸ் போடன்ஸ்டைனும் லிண்டும் அளந்து 1907இல் வெளியிட்டார்கள். ஹைட்ரஜனுக்கு வகை 1. புரோமினுக்கு, ஆரம்பத்தில், அரை! அதோடு விடவில்லை. உண்டாகிற ஹைட்ரஜன் புரோமைடே வினையைத் தடுக்கிறது, அது விதியின் கீழ்ப்பகுதியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் வினை போகப்போக "வகை எத்தனை" என்ற கேள்விக்கே பதில் இல்லாமல் போகிறது. இந்த விசித்திரமான விதிக்குக் காரணம் புரோமின் அணுக்கள் நடத்தும் சங்கிலி வினை என்று விளங்க மேலும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனது. அந்த அரை எங்கிருந்து வந்தது? ஒரு புரோமின் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரியும்போது, அணுக்களின் செறிவு மூலக்கூறு செறிவின் வர்க்கமூலத்துக்கு விகிதமாக இருக்கும். அங்கிருந்துதான்.

அதே போடன்ஸ்டைன் அதற்கு முன்பே, 1890களில், ஹைட்ரஜனையும் அயோடினையும் அளந்திருந்தார். அங்கே எல்லாம் சுத்தம்: ஹைட்ரஜனுக்கு 1, அயோடினுக்கு 1, மொத்தம் 2. சமன்பாட்டோடும் பொருந்துகிறது. ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு அயோடின் மூலக்கூறும் மோதி, ஒரே படியில் வினை முடிகிறது என்று பல தலைமுறைப் பாடப்புத்தகங்கள் எழுதின. 1967இல் சல்லிவன் என்பவர் வேறு விதமாகச் சோதித்தார். வெப்பத்தில் அயோடின் பிரியாத அளவுக்கு வெப்பநிலையைக் குறைத்து, ஒளியைப் பாய்ச்சி அயோடின் அணுக்களை உண்டாக்கினார். வினையின் வேகம் அயோடின் அணுக்களின் செறிவின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறியது. அதாவது ஹைட்ரஜனோடு சேர்வது முழு அயோடின் மூலக்கூறு அல்ல, இரண்டு தனி அணுக்கள் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாக வருகிறது.

பிறகு எப்படி 70 வருடம் யாருக்கும் தெரியாமல் இருந்தது? அணுக்கள் மூலக்கூறோடு சமநிலையில் இருக்கும்போது, அணுச் செறிவின் வர்க்கம் மூலக்கூறு செறிவுக்கு நேர்விகிதம். ஆக அணுக்கள் இரண்டு வந்தாலும் சரி, மூலக்கூறு ஒன்று வந்தாலும் சரி, அளந்தால் அயோடினுக்கு வகை 1தான் கிடைக்கும். போடன்ஸ்டைனின் அளவுகளில் எந்தக் குறையும் இல்லை, அவை இன்றும் நிற்கின்றன. அந்த அளவுகளால் பிரித்துச் சொல்ல முடியாத இரண்டு வழிகள் இருந்தன, அவ்வளவுதான்.

அசிட்டோன் வினைக்கும் இப்படி ஒரு பின்குறிப்பு உண்டு. அயோடினை லிட்டருக்குக் கோடியில் ஒரு பங்கு மோல் என்ற அளவுக்குக் குறைத்துக்கொண்டே போனால், ஈனால் உருவானதும் அதைப் பிடிக்கப் பக்கத்தில் அயோடின் இருக்காது, அது மறுபடி அசிட்டோனாகத் திரும்பிவிட நேரம் கிடைத்துவிடும். அந்த எல்லையில் அயோடினை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிப்பாகிறது. 50 மில்லி குடுவையில் பூஜ்யமாக இருந்த அதே அடுக்கு, அங்கே 1.